கிர்நார் மலையில் ஒரு குளிர்நாள்

தை மாதம் மூன்றாம் நாள், விடியற்காலை ஆறரை மணி. குஜராத் மாநிலம் ஜூனாகத் நகரை அடுத்த கிர்நார் மலையின் அடிவாரத்தில், ரோப் கார் நிலையத்தின் வாயிலில் நானும் என் துணைவியும் வரிசையில் நின்றிருந்தோம். இருள் சிறிதும் விலகவில்லை. பாரதத்தின் மேற்குக் கோடி ஆகையால், நம் சென்னையைவிட அங்கே கதிரவன் முக்கால் மணிக்கும் மேலாகத் தாமதித்தே எழுகிறான். பனியும் நம் ஊர் மார்கழிப் பனியன்று. மலைமுகட்டிலிருந்து இறங்கிவரும் வறண்ட காற்று, சால்வைக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. சால்வைக்கு மேல் சால்வை, தலையில் காது மூடும் குரங்குக் குல்லாய், காலுறை என்று நான் நின்ற கோலத்தைப் பார்த்து என் துணைவி, "பேரன் பார்த்தால் அடையாளம் தெரியாமல் அழுவான்" என்றாள். அவளும் அதே கோலத்தில்தான் இருந்தாள்.

அகமதாபாத்தில் வசிக்கும் மகள் வீட்டில் பொங்கலைக் கொண்டாடிவிட்டு, அன்றிரவே ரயிலேறி ஜூனாகத் வந்திருந்தோம். அந்நாளை அங்கே உத்தராயண் என்கிறார்கள்; ஊரே மொட்டை மாடியில் ஏறிப் பட்டம் விடுகிறது. ஜூனாகத் வந்த பின்னும் மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் அறுந்த பட்டங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. அவை ஆடிய வேகத்தைக் கண்டபோதே காற்றைப் பற்றி எனக்குச் சிறு கவலை தோன்றியது. காற்று மிகுந்தால் இம்மலையில் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள் என்று மருமகன் முன்னரே எச்சரித்திருந்தார்.

எனக்கு வயது அறுபத்தேழு. துணைவிக்கு அறுபத்திரண்டு, அவளுடைய வலது முழங்கால் படியேறுவதற்கு உதவாது என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏறத்தாழ பத்தாயிரம் படிகள் என்று பெயர்பெற்ற மலைக்கு அவளை அழைத்து வந்தது, மேலே அம்பாஜி சந்நிதி வரை ரோப் கார் செல்கிறது என்ற ஒரே தைரியத்தில்தான். ஆனால் நான் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. முப்பது ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாத காரணம் அது.

கிர்நாரைப் பற்றி முதலில் சிறிது சொல்லவேண்டும். சௌராஷ்டிரத்துச் சமவெளியில் திடீரென்று எழுந்து நிற்கும் மலை இது. இதன் சிகரங்களுள் உயர்ந்ததான கோரக்நாத் சிகரம் 1,117 மீட்டர். குஜராத் முழுவதிலும் இதைவிட உயர்ந்த இடம் இல்லை. மகாபாரதத்தில் துவாரகையை அடுத்து வரும் ரைவதக மலை இதுவே என்பது மரபு. யாதவர்கள் அம்மலையில் விழா எடுத்த காலத்தில்தான் அர்ஜுனன் சுபத்திரையைக் கண்டு, கண்ணனின் குறிப்பறிந்து தேரில் ஏற்றிச் சென்றான். ஸ்காந்த புராணத்தின் பிரபாச காண்டம் இத்தலத்தை வஸ்திராபதம் என்று போற்றுகிறது. கயிலையை விட்டு வந்த ஈசன் தம் ஆடையை இங்கே களைந்து மறைந்துறைந்தார் என்றும், அவரைத் தேடிவந்த அன்னை மலைமேல் அம்பையாக அமர்ந்துவிட்டாள் என்றும் தலக்கதை கூறுவர். ஈசன் அடிவாரத்தில் பவநாதராக இருக்கிறார். மகாசிவராத்திரியன்று நாக சாதுக்கள் திரண்டு வருவது அச்சந்நிதிக்குத்தான்.

அடிவாரத்திலிருந்து படியேறுவோர், ஏறத்தாழ நாலாயிரம் படிகளில் சமணர்களின் நேமிநாதர் ஆலயத் தொகுதியைக் காண்பர். ஐயாயிரத்தை ஒட்டி அம்பாஜி. அதற்கப்பால் கோரக்நாத் சிகரம். பின் ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறினால், கூர்மையான தனிச் சிகரத்தின் உச்சியில் தத்தாத்ரேயரின் திருப்பாதங்கள். ரோப் கார் அம்பாஜியோடு நின்றுவிடுகிறது. மீதி வழிக்கு இன்றும் கால்களே துணை; இல்லையேல் டோலி.

1992ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் நான் ராஜ்கோட்டில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்தேன். அங்கிருந்து ஜூனாகத் சுமார் நூறு கிலோமீட்டர். கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து என் தாயார் வந்து எங்களோடு சில மாதங்கள் தங்கியிருந்தார். அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. அண்டை வீட்டுக் குஜராத்தி அம்மாள் கிர்நார் அம்பாஜியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, மொழி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த அம்மனைச் சேவித்தே ஆகவேண்டும் என்ற ஆவல் பிறந்துவிட்டது. 1993 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் மட்டும் புறப்பட்டோம். மகளுக்குக் காய்ச்சல் ஆகையால் துணைவி வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அந்நாளில் ரோப் கார் இல்லை. அடிவாரத்தில் டோலிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூங்கிலில் தொங்கும் ஒரு சிறு இருக்கை. அதை முன்னும் பின்னும் தோள்கொடுத்துத் தூக்கிச் செல்வார்கள். ஏறுபவரைத் தராசில் நிறுத்து, எடைக்கேற்பக் கூலி. அவர்கள் கேட்ட தொகை என் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நான் பேரம் பேசினேன். அவர்கள் சிறிது இறங்கினார்கள். நான் இன்னும் இறக்கப் பார்த்தேன். இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த அம்மா, "என்னை அரிசி மூட்டை மாதிரி நிறுக்கவா? இன்னொருத்தர் தோளிலே உட்கார்ந்துக்கிட்டு எனக்கு என்ன சாமி? நான் நடந்தே வர்றேன்" என்று சொல்லிவிட்டு முதற்படியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அப்போது தோன்றியது வருத்தமன்று, நிம்மதி. வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எழுதக் கூசுகிறது. ஆயினும் உண்மை அதுதான்.

ஆயிரத்து ஐந்நூறு படிகள் வரை அம்மா வந்தார். அதற்குமேல் மூச்சு ஒத்துழைக்கவில்லை. படியோரத்தில் சாக்குத் திரை கட்டிய ஒரு தேநீர்க் கடை. வயதான ஒரு பெண்மணி நடத்திவந்தார். அங்கிருந்த கல்லின்மீது அம்மா உட்கார்ந்தார். "நான் இங்கே உட்கார்ந்திருக்கேன், நீ போயிட்டு வாப்பா. எனக்கும் சேர்த்து நீ பார்த்துட்டு வா" என்றார். நான் போனேன். அம்பாஜியில் வணங்கிவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று தத்தாத்ரேயர் சிகரம் வரைக்கும் போனேன். முப்பத்தாறு வயது, கால்களில் வலு இருந்தது. திரும்பி அம்மாவிடம் வந்தபோது ஆறு மணி நேரம் கடந்திருந்தது.

அம்மாவின்மேல் அந்தக் கடைக்காரப் பெண்மணியின் கம்பளி போர்த்தியிருந்தது. இருவரும் எதிரெதிரே அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பேச்சோ ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அம்மா முதலில் கேட்ட கேள்வி: "அம்மன் எப்படி இருந்தா? இன்னைக்கு என்ன சேலை கட்டியிருந்தா?"

எனக்கு நினைவில்லை. நெரிசலில் நின்று, கை கூப்பி, அடுத்த சிகரத்துக்கு நேரமாகிறதே என்று நகர்ந்துவிட்டேன். அம்மனின் சேலை என் கண்ணில் பட்டிருக்கும், மனத்தில் படவில்லை. "பச்சைச் சேலை அம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அதன்பின் அவர் வாழ்ந்த பதினாறு ஆண்டுகளும், கிர்நார் அம்மன் பச்சைச் சேலையில் காட்சி கொடுத்ததை ஊரில் எல்லோருக்கும் சொன்னார். தைமாதக் கடைசி வெள்ளியன்று எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆண்டுதோறும் ஒரு பச்சைச் சேலை சார்த்தினார். 2009இல் அவர் காலமான பிறகும் நாங்கள் அதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தையிலும் அந்தச் சேலைக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது என் நெஞ்சில் ஒரு முள் தைக்கும்.

மலைக்குச் செல்வதற்கு முந்திய நாள், ஊருக்கும் மலைக்கும் இடையிலுள்ள அசோகர் பாறையைப் பார்க்கச் சென்றோம். யானை படுத்தாற்போன்ற பெரும்பாறை. கட்டடம் எழுப்பிப் பாதுகாக்கிறார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி வெட்டுவித்த பதினான்கு சாசனங்கள் பிராமி எழுத்தில் வரிவரியாக உள்ளன. அவற்றுள் இரண்டாவது சாசனம் நமக்கு உரியது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததையும், மூலிகைகளைப் பயிரிட்டதையும், வழிச்செல்வோர் நலனுக்காக மரம் நட்டுக் கிணறு தோண்டியதையும் சொல்லுமிடத்தில், தன் எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளாகச் சோழரையும் பாண்டியரையும் சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் தாமிரபரணியாகிய இலங்கையையும் அது பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. காவிரிக் கரையில் பிறந்த நான், சோழர் பெயர் தாங்கிய அந்தப் பாறையின் முன் வெகுநேரம் நின்றேன்.

அதே பாறையின் இன்னொரு பக்கத்தில் கி.பி. 150ஆம் ஆண்டை ஒட்டி மன்னன் ருத்ரதாமன் பொறித்த வடமொழிச் சாசனம் இருக்கிறது. புயலில் உடைந்த சுதர்சன ஏரியின் கரையை, குடிகள்மேல் வரி சுமத்தாமலும் கட்டாய வேலை வாங்காமலும் தன் கருவூலத்திலிருந்தே செலவிட்டுச் செப்பனிட்டதாக அதில் சொல்கிறான். ஓய்வுபெற்ற வங்கிக்காரனுக்கு இத்தகைய வாசகம் எங்கே இருந்தாலும் கண்ணில் படும்.

இம்மலைப் படிகளுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. இன்றுள்ள படிவரிசை, நவாபின் ஆட்சியில் ஜூனாகத் திவானாக இருந்த ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாய் 1889இல் தொடங்கிய பரிசுச் சீட்டின் வருவாயைக் கொண்டு அமைந்தது. சீட்டு ஒன்று ஒரு ரூபாய். பரிசு ஒரு சிலருக்கு, படியோ எல்லோருக்கும். வேலை முடிய 1908 ஆயிற்று. சுவாமி விவேகானந்தர் கன்னியாகுமரிக்கு வருமுன் பரிவிராஜகராகச் சுற்றிய நாட்களில் ஜூனாகத்தில் தங்கியதும், அன்புடன் "திவான்ஜி" என்று விளித்துப் பின்னாளில் கடிதங்கள் எழுதியதும் இந்த தேசாய்க்குத்தான்.

ரோப் காருக்கும் நெடுங்கதை இருக்கிறது. அடிக்கல் நாட்டியது 2007 மே முதல் நாள். இயங்கத் தொடங்கியதோ 2020 அக்டோபர் 24. இடையில் பல தடைகள். அவற்றுள் ஒன்று, இம்மலைப் பாறைகளில் கூடு கட்டும் கழுகுகளைப் பற்றியது. அருகிவரும் அப்பறவைகளுக்கு ஊறு நேரக்கூடாது என்று வனத்துறையினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தே இசைவு தந்தார்கள். அன்னையைத் தேடிச் செல்வோர், அன்னைக்காக உயிர்விட்ட ஜடாயுவின் குலத்துக்காகச் சற்றுக் காத்திருந்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பு முடிவதற்குள் என் அம்மா போய்விட்டார்.

பொழுது புலர்ந்தபின் வரிசை நகர்ந்தது. வடநாட்டார் இவ்வூர்தியை உடன் கட்டோலா என்கிறார்கள். பறக்கும் கட்டில் என்று பொருள். எட்டுப் பேர் அமரும் கண்ணாடிக் கூண்டு. நிலையத்துக்குள் அது மெல்ல ஊர்ந்து வரும்போதே ஏறிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஊழியர் கைகொடுத்து ஏற்றுகிறார். என் துணைவிக்கும் அப்படியே உதவினார். கதவு மூடியது. நிலையத்தை விட்டு வெளிப்பட்ட கணத்தில் கூண்டு ஒருமுறை ஊசலாடியது. எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி "ஜய் அம்பே" என்று உரக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

பழனியில் ரோப் காரில் சென்ற அன்பர்கள் அதைவிடப் பன்மடங்கு நீண்ட வழியை எண்ணிக்கொள்ள வேண்டும். இங்கே கம்பிவடத்தின் நீளம் இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேல். கீழே காடு, அக்காடு சிங்கங்கள் உலவும் சரணாலயம். தொலைவில் ஜூனாகத்தின் விளக்குகள் பனிமூட்டத்தில் ஒவ்வொன்றாய் மங்கின. கூண்டின் காற்றுத் துளைகள் வழியே குளிர் சீழ்க்கை அடித்தது. சற்று உயர்ந்ததும் மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும் படிவரிசை, யாரோ தவறவிட்ட வெள்ளை நூலைப்போல் தெரிந்தது. அதில் நகரும் புள்ளிகள் மனிதர்கள். அம்மா அமர்ந்த இடம் எதுவாக இருக்கும் என்று தேடினேன். அத்தனை உயரத்திலிருந்து ஒரு தேநீர்க் கடையை எப்படிக் கண்டறிவது? ஏறத்தாழ எட்டு நிமிடங்களில் மேல்நிலையம் வந்துவிட்டது.

வருந்தி ஏறினால்தான் புண்ணியம், பொறியில் ஏறிப் போவது யாத்திரையாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நானே இளமையில் அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது அந்த வாதத்தைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை.

மேல்நிலையத்திலிருந்து சில படிகள் ஏறவேண்டியிருந்தது. துணைவி என் தோளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். பழைமையான கற்கோயில். புதுமணத் தம்பதியர் மேலாடைகளை முடிச்சிட்டு வந்து இந்த அன்னையை வணங்குவது நெடுநாள் வழக்கம். அன்றும் ஓர் இளம் இணையர் முடிச்சுடன் எங்களுக்கு முன்னே நின்றனர். அம்மனின் திருமுகம் தெரிந்தது. இம்முறை நான் அவசரப்படவில்லை. முதலில் திருமுகம், பிறகு மூக்குத்தி, பிறகு மாலைகள், பிறகு சேலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சள் பட்டு, சிவப்புக் கரை, கரையில் பொன்னிறச் சரிகை. இரண்டு முறை எனக்குள் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன்.

வெளியே வந்தபோது காற்று வலுத்திருந்தது. கொடிகள் கிழிந்துவிடுமோ என்னும்படி அடித்துக்கொண்டன. ரோப் கார் நிறுத்தப்பட்டிருப்பதாகவும், காற்று தணிந்த பின்னரே இயங்கும் என்றும் அறிவித்தார்கள். பாதுகாப்பைக் கருதிச் செய்வது, குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் குளிருக்கு அது தெரியவில்லை. ஒரு சுவரின் மறைவில் நாங்களும் அந்த "ஜய் அம்பே" மூதாட்டியின் குடும்பத்தினரும் ஒண்டினோம். அவர்கள் வெந்தயக்கீரை சேர்த்த தேப்லா ரொட்டியும் குடுவைத் தேநீரும் கொடுத்தார்கள். எங்கள் பொட்டலத்திலிருந்த புளிசாதத்தை மூதாட்டி சுவைத்துப் பார்த்து, கண்களை இறுக மூடித் திறந்தார். பிறகு இன்னொரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டார். கீழே நேமிநாதர் ஆலயங்களின் விமானங்கள் வெயிலில் மின்னின. எதிரே கோரக்நாத் சிகரமும், அதற்கப்பால் தத்தாத்ரேயர் சிகரமும்.

டோலிக்காரர்கள் அங்கும் காத்திருந்தார்கள். முன்பு அடிவாரத்திலிருந்து முழு மலைக்கும் ஆள் கிடைப்பார்கள். இப்போது ரோப் காரில் வருபவர்களில் தத்தாத்ரேயர் வரை செல்ல விரும்பும் சிலர் மட்டுமே என்றார் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். அவர் தந்தையும் டோலி சுமந்தவர். மகனைப் படிக்கவைப்பதாகச் சொன்னார். ராஜ்கோட்டில் கற்ற குஜராத்தியில் இவ்வளவுதான் கேட்டு அறிந்தேன். தள்ளுவண்டிக்கும் எருமைக்கும் தையல் இயந்திரத்துக்கும் நான் கடன் எழுதியிருக்கிறேன். டோலிக்காரர் எவரும் என் மேசைமுன் வந்து அமர்ந்ததாக நினைவில்லை. எனக்குக் கிடைத்த எட்டு நிமிட வசதி, இவர் வீட்டு அடுப்பிலிருந்து சிறிது எடுத்துக்கொண்டதுதான் என்ற எண்ணம் அந்தக் குளிரிலும் என்னை விட்டு அகலவில்லை.

அப்போது துணைவி சொன்னாள்: "என்னங்க, நீங்க வேணும்னா தத்தாத்ரேயரைப் பார்த்துட்டு வாங்க. எப்படியும் வண்டி ஓட நேரமாகும். நான் இங்கே உட்கார்ந்திருக்கேன்."

நான் எழவில்லை. அந்தச் சிகரம் இருந்த திசையை நோக்கிக் கைகூப்பிவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிறகு, எப்படித் தொடங்கினேன் என்று தெரியாது, 1993ஆம் ஆண்டுக் கதை முழுவதையும் சொன்னேன். டோலிக்குப் பேரம் பேசியது, ஆறு மணி நேரம், பட்டாணி, பச்சைச் சேலை, எல்லாம்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அத்தைக்கு அது தெரியும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு ராத்திரியே என்கிட்ட சொன்னாங்க. 'சேலை என்ன நிறம்னு கேட்டேன், திருதிருன்னு முழிச்சான். அப்புறம் பச்சைன்னான். பாவம், ஓடி ஓடிப் பார்த்துட்டு வந்திருக்கான். போகட்டும், எனக்கும் பச்சைதான் பிடிக்கும்'னு சிரிச்சாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாங்க."

"நீயும் முப்பது வருஷமாகச் சொல்லவில்லையே?"

"அத்தை சொல்லாதேன்னாங்களே" என்றாள்.

காற்று இரைந்துகொண்டே இருந்தது. குல்லாயை நன்றாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். முகம் முழுவதும் மறைவதற்கு அது உதவியது.

இரண்டரை மணி நேரம் கழித்து ரோப் கார் மீண்டும் இயங்கியது. இங்கே செல்ல எண்ணும் முதியவர்களுக்கு என் அனுபவத்தில் சில சொற்கள். குளிர்காலத்தில் சென்றால் காலையிலேயே ஏறிவிடுங்கள். கீழே வெயில் சுட்டாலும் மேலே போர்வை தேவை. காற்றால் வண்டி நிற்கலாம் ஆகையால் அன்றே திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டுத் தவிக்க வேண்டாம். வேளைக்கு உண்ணவேண்டிய மருந்துகளைத் தங்கும் விடுதியில் வைத்துவிட்டுச் செல்லாதீர்கள். நான் வைத்துவிட்டுச் சென்றேன். தத்தாத்ரேயரை வணங்க விரும்புவோர், அம்பாஜியிலிருந்து மீதிப் பாதியும் ஏற்ற இறக்கமான படிவழிதான் என்பதை முன்னரே மனத்தில் கொள்ளவேண்டும். அடிவாரத்துக்கு வரும் வழியில் தாமோதர் குண்டத்தில் இறங்கத் தவறாதீர்கள். காந்தியடிகள் உவந்த "வைஷ்ணவ ஜனதோ" பாடலை அருளிய பக்தர் நர்சிங் மேத்தா பதினைந்தாம் நூற்றாண்டில் நாள்தோறும் நீராடியதாகப் போற்றப்படும் தீர்த்தம் அது. அருகிலுள்ள குகையில்தான் முசுகுந்தச் சக்கரவர்த்தி உறங்கினார் என்றும், காலயவனனைக் கண்ணன் அங்கே ஈர்த்துச் சென்றார் என்றும் சொல்கிறார்கள். திருவாரூர்த் தியாகேசரைத் தேவலோகத்திலிருந்து கொணர்ந்த முசுகுந்தரின் பெயரை அவ்வளவு தொலைவில் கேட்டதும் துணைவிக்குக் கால்வலி சற்று மறந்துவிட்டது.

கீழே இறங்கி, பவநாதரைச் சேவித்துவிட்டு, படிவரிசையின் தொடக்கத்துக்குச் சென்றோம். தராசு ஏதும் என் கண்ணில் படவில்லை. முதற்படியை நானும் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். ஓரத்துக் கடையில் தேநீர் வாங்கி, கோப்பையின் சூட்டை இரு கைகளிலும் ஏந்தியபடி, இறங்கி வருவோரைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றோம்.

ஊருக்குள் திரும்பியபோது மாலையாகிவிட்டது. தைக் கடைசி வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. கடைவீதியில் ஒரு துணிக்கடையில் துணைவி ஏறி அமர்ந்தாள். கடைக்காரர் சிவப்பு, மஞ்சள், மாம்பழ நிறம் என்று பாந்தணிச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டார்.

"மஞ்சள் பார்த்தோமே, மஞ்சளே எடுக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"பச்சையே எடு" என்றேன்.

கடைக்காரர் பச்சையில் நான்கைந்து காட்டினார். அவற்றுள் வெண்புள்ளிகள் நெருங்கிய ஒன்றை அவள் தேர்ந்தாள். அவர் விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை.